நசுங்கிய டம்ளரும் ஒரு கெமிஸ்ட்ரி பேப்பரும்

எங்கள் வீட்டு அடுக்களையில் அடிப்பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறது. மேசையில் வைத்தால் நேராக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு, கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் நான் காப்பி குடிப்பது அதில்தான். பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்று மகள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். எங்கள் அத்தை கட்டிலில் படுத்தபடியே, "அது உங்கம்மைக்க டம்ளர்ட்டி, நீ சும்மா கிட" என்பார். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. அந்த டம்ளரைச் சுவரில் எறிந்து நசுக்கியது நான்தான். எறிந்த காரணம் வேறு, பிறகு அதை விடாமல் வைத்துக்கொண்ட காரணம் கெமிஸ்ட்ரியோடு சம்பந்தப்பட்டது.

நான் படித்தது பாட்டனி. முதல் வருடத்தில் துணைப்பாடமாகக் கெமிஸ்ட்ரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்தவள். சகப்பிணைப்பு, இனக்கலப்பு, வேதிச் சமநிலை என்று ஒவ்வொன்றும் மனதில் ஓரளவு உருவத்தோடுதான் இருந்தது. கல்லூரியில் அதே இனக்கலப்பு ஹைபிரிடைசேஷன் என்று வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். செய்முறைத் தேர்வில் குறை சொல்ல முடியாது. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு தடவை சோடா காரமே நாக்கில் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது. பச்சைத் தீ வந்தால் பேரியம், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பைடு. கைக்கும் மூக்குக்கும் தெரிந்தது தாளில் எழுத வரவில்லை. பாட்டனி, விலங்கியல் எல்லாம் தாண்டிவிட்டேன். கெமிஸ்ட்ரி தியரி ஒரு பேப்பர் மட்டும் அரியராகத் தங்கி, கூடவே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டணம் கட்டுவது, எழுதுவது, சில மார்க்கில் போவது. பெயிலாவதில் ஒரு கட்டத்துக்கு மேல் அழுகை வராது, சலிப்புதான் வரும்.

அந்தச் சலிப்போடுதான் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை ராணுவத்தில், வடக்கே. "பொண்ணு பி.எஸ்ஸி. முடிச்சிருக்கா" என்று அப்பா சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை, மூன்று வருடத்தையும் முடித்துவிட்டுத்தான் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போடாவிட்டால் கை உடைந்த மாதிரி. என் பெயருக்குப் பக்கத்திலும், பாஸாகாதவர்களுக்குப் போடுகிற அடைப்புக்குறியில்லாமல், கொட்டை எழுத்தில் பி.எஸ்ஸி. என்று அச்சாகி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குலதெய்வத்தின் காலடியில் முதல் பத்திரிகை வைத்து, சிவகிரி முதல் புளியறை வரை சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டது. அச்சடித்த பிறகு அரியர் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்?

கல்யாணம் முடிந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த இவர்கள் வீட்டுக்கு வந்தேன். கணவர் லீவு முடிந்து போய்விட்டார். வீட்டில் அத்தையும் நானும் மட்டும். முதல் மாதமே எனக்குத் தலையில் இடி விழுந்தது. மாதவிலக்கு வந்தால் பெண்கள் வீட்டுக்குள் புழங்கக்கூடாது. 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லி, பின்வாசலை ஒட்டி விறகு போட்டு வைக்கும் அறையில் மூன்று நாள் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரையும் தொடக்கூடாது. என் அம்மா வீட்டில் இதெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. பாட்டனி படித்தவளை விறகோடு உட்கார வைக்கிறார்களே என்று வந்த ஆத்திரத்தில், காப்பி குடித்த டம்ளரைச் சுவரில் ஓங்கி எறிந்தேன். சத்தம் கேட்டு அத்தை வந்து நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நசுங்கினா என்ன, ஒழுகாதுலா. அடுத்த காப்பியும் அதுலயே குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஏற்பாடு எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அந்த மூன்று நாட்களில் வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் பெட்டியிலிருந்து கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு பக்கம், கல்லூரி இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இது அதுதான், அது இதுதான் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதி, ஈரத்துணியால் அழித்து, மறுபடி எழுதினேன். கூப்பிட ஆளில்லை. கழுவப் பாத்திரமில்லை. அத்தனை வருடமாகத் தலையில் ஏறாத ஒரு பாடம், தீண்டக்கூடாது என்று ஒதுக்கிய அறையில் ஏறியது.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு, இதிலும் போனால் பட்டம் கிடையாது என்று தோழி போன் பண்ணிச் சொன்னாள். அதுவும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போய் ஆனி மாதக் கடைசியில் வந்து விழுந்திருந்தது. பட்டம் இல்லையென்றால் பி.எட். இல்லை, பி.எட். இல்லையென்றால் டீச்சர் வேலை இல்லை. டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு ஆசையே கிடையாது. கணவரிடம் போனில் சொன்னேன். "இந்த ஒரு தடவை எழுது. வரலேன்னா விட்டுட்டு இங்க குவார்ட்டர்ஸுக்கு வந்துரு" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் அது ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் போலக் கேட்டது. அத்தையிடமும் சொல்ல வேண்டி வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "அப்போ நீ இன்னும் பி.எஸ்ஸி. இல்லையா?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். "பத்திரிகையில போட்டு, சாமி காலடியில வச்சு, ஊருபூரா குடுத்தாச்சேட்டி. இனி எப்படி இல்லேங்கது? அத உண்மையாக்குத வழியப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

உண்மையாக்க வழி எங்கே இருந்தது? ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பாடு என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் போன் பண்ணும். நல்லா இருக்கீங்களா என்றெல்லாம் கேட்காது. "தண்ணி விழுதா? கூட்டம் இருக்கா?" என்றுதான் கேட்கும். விழுகிறது என்று சொன்ன மறுநாள் வேன் வாசலில் நிற்கும். காலையில் இட்லி, குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி ஐந்தருவி போய்விட்டு வந்தால் காப்பி, வடை. எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டுகளே ஒரு மலை. ஒரு வேன் கிளம்பினால் அடுத்தது வந்து நிற்கும். நான் மாவாட்டிக்கொண்டே ஃபார்முலா சொல்லிப் பார்ப்பேன், பாதியில் யாராவது வெந்நீர் கேட்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கண் சொருகும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் மிதக்கிற மாதிரி இருக்கும். வந்திருப்பவர்களிடம், இவளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. பத்திரிகையில் பட்டத்தைப் பார்த்தவர்கள்தானே அத்தனை பேரும். ஒருநாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே, "தூரமான மூணு நாளும்தான் என்னால படிக்க முடியுது அத்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அத்தை அடுத்த தேங்காய் மூடியை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள். நான் இட்லித் தட்டோடு அடுக்களையிலிருந்து வரப் பார்த்தேன். அத்தை என்னை வழிமறித்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "ஏட்டி, நீ ஏன் உள்ள வாற? வீட்டுக்குத் தூரம்லா? தட்ட அங்கன வச்சிட்டுப் பின்னால போ" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்காத, கேட்கக் கூச்சப்படுகிற ஒரே காரணத்தை அத்தை கண்டுபிடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற, சாமி விஷயத்தில் இம்மி பிசகாத மனுஷி அவர். பொய்த் தூரம் என்பதற்காகச் சலுகை ஏதும் காட்டவில்லை. யாரும் பார்க்காதபோது நான் அவர் கையிலிருந்து தட்டை வாங்கப் போனேன். சட்டென்று பின்வாங்கி, தரையில் வைத்துத் தள்ளினார். "வாயால சொல்லியாச்சு. சொன்னா அப்புறம் தூரந்தான். நீ முறையா இருந்தா எனக்குப் பொய் சொன்ன பாவம் வராது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முட்டி வலியோடு அவர் ஒருவரே அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டார். அம்மி அரைபடுகிற சத்தமும், இடையிடையே அவர் "முருகா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற சத்தமும் விறகறைக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே படிப்பது சுகமான காரியமில்லை. எழுந்து போய்விடலாமா என்று தோன்றும். போனால் அவர் பட்ட பாடு வீண். ஒருநாள் சோறு வைக்க வந்தவர் தரையில் நான் போட்டிருந்த அறுகோணங்களைப் பார்த்துவிட்டு, "இதென்ன, தேன்கூடா?" என்று கேட்டார். நாஃப்தலீன், பாச்சா உருண்டை என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதையா நாம சீலைக்குள்ள போட்டு வைக்கோம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வேன் போய் அடுத்தது வந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பழைய கணக்குத் தெரியாது, ஆகவே மறுபடியும் தூரமானேன். மாட்டிக்கொண்டது சிவகிரி பெரியத்தையிடம். அத்தைக்கு மூத்த ஓரகத்தி அவர். முதல் கூட்டத்தோடு வந்தவர், காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த கூட்டத்துக்கும் தங்கிவிட்டார். "ஏட்டி, போன வாரந்தான இவ தூரமா இருந்தா? மறுபடியுமா?" என்று அவர் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. அத்தை கரண்டியை வைத்துவிட்டு, "அதான்க்கா எனக்கும் கவலையா இருக்கு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். பெரியத்தை உடனே வைத்தியத்தில் இறங்கிவிட்டார். இது பெரும்பாடு, மிஞ்சின உதிரப்போக்கு, இப்படியே விட்டால் பிள்ளை நிற்காது என்று அசோகப்பட்டையும் வேறு எதுவெல்லாமோ போட்டுக் கஷாயம் வைத்து, நசுங்கிய டம்ளர் நிறைய ஊற்றி, விறகறை வாசலில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். நான் புத்தகத்தைப் பாய்க்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கசப்பை இன்று நினைத்தாலும் நாக்கு சுருளும். செய்தி சிவகிரி வழியாக ஊரெல்லாம் போய், வடக்கே இருந்த கணவரையும் எட்டிவிட்டது. பதறிப்போய் போன் பண்ணினார். அத்தை போனை வாங்கி, "ஒண்ணுமில்லலே, பரீட்சதான்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

தேர்வு அன்று விடியும்போதே மழை கொட்டியது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வீட்டில் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். தென்காசியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று சொல்லி என்னை அனுப்புவதுதான் திட்டம். குளிக்கப் போக வழியில்லாத பெரியத்தை, "டாக்டர்ட்ட என்ன சொல்லணும்னு எனக்குல்லா தெரியும், நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிவிட்டார். அத்தையும் கிளம்பினார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். பையில் துண்டுக்கு அடியில் ஹால் டிக்கெட். இத்தோடு தீர்ந்தது, இந்தச் சனியனும் வேண்டாம், டீச்சர் வேலையும் வேண்டாம், எங்கேயாவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை, "அக்கா, தென்காசி வந்துட்டு பெரிய கோயிலுக்குப் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? இவ தூரமா இருக்கா, கோயில் பக்கமே வரக்கூடாது. ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு உக்காரட்டும், நாம சாமி கும்பிட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல இருப்போம்" என்றார். பெரியத்தை ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். அத்தை திரும்பிப் பார்க்காமல், "வாரப்போ மெடிக்கல்ல ஒரு டானிக் வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற அந்தச் சாரல் காற்றில் அவர்கள் இரண்டு பேரும் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் தேர்வு மையத்துக்கு ஓடினேன். கேள்வித்தாளில் முதலில் கண்ணில் பட்டது கடினநீரும் மென்னீரும். அந்த மாதம் முழுக்க எண்ணெய்த் துண்டுகளைத் துவைத்தவளுக்கு, எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைத்துத் தள்ளுகிறது, ஏன் அலசி அலசிப் போகமாட்டேன் என்கிறது என்று புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் இங்கிலீஷில் எழுதினேன். எல்லாம் அப்படி வரவில்லை. கணக்கில் ஒன்றை விட்டேன், ஒரு கேள்விக்கு வெட்கமில்லாமல் கதை எழுதினேன். பேனாவை மூடும்போது சந்தோஷமோ பயமோ எதுவும் இல்லை. உடம்பில் இருந்ததெல்லாம் வடிந்துபோன களைப்புதான். வெளியே வந்து டானிக் வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் போனால், அத்தையும் பெரியத்தையும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை தன் இரண்டு முட்டியையும் நீவிக்கொண்டிருந்தார். "பிரகாரத்த எத்தன சுத்துதான் சுத்துவ? வேண்டுதலா என்ன?" என்று பெரியத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்தபோது சீசன் முடிந்து ஊர் அடங்கியிருந்தது. பஸ் நிலையத்துப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்தேன். விளிம்பில் தொங்கிக்கொண்டு தாண்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை துள்ளவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, என் பெயரை விரலால் தடவிப் பார்த்து, "இப்போ சரியா இருக்கு" என்று மறுபடி செருகினார். பிறகு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பழைய குற்றாலத்துக்குப் போனார். கூட்டமில்லாத அருவியில் வெகுநேரம் தலையைக் கொடுத்து நின்றார். எதற்கு என்று கேட்டேன். "பொய்யோ மெய்யோ, தூரம்னு சொன்னதுக்குத் தலமுழுகணும்லா" என்றார். ஈரத்தோடு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். அப்புறம் நான் பி.எட். படித்தேன், வேலைக்கும் போனேன். இடையில் மகள் பிறந்தாள். அது தன் கஷாயத்தின் பலன்தான் என்று பெரியத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விறகறை இப்போது நான் விடைத்தாள் கட்டுகளை அடுக்கும் அறை. என் மகள் வயதுக்கு வந்தபோது, அவளை அங்கே உட்காரவைக்க மாட்டேன் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். சண்டைக்கு அத்தை வரவே இல்லை. "அது அப்போ" என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் வேலை நான் கனவு கண்ட மாதிரி இல்லை. பாடம் நடத்துவது கொஞ்சம், மற்ற வேலைகள் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து உடம்பும் முன்போல் இல்லை. கணவர் ஓய்வுபெற்று வந்து வேறு ஊரில் காவலாளி வேலைக்குப் போகிறார். அத்தை முட்டி தேய்ந்து கட்டிலோடு இருக்கிறார், ஆனால் காதும் வாயும் தெளிவு.

இந்த ஆனியிலும் சாரல் விழுந்தது. போன சனிக்கிழமை, திருத்த வேண்டிய தாள்களும் தலைவலியுமாக நான் வந்து இறங்கியபோது வாசலில் வேன் நின்றது. சிவகிரி பெரியத்தை, அவர் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். எல்லாரும் குளித்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுக்களைக்குத் திரும்பினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். கட்டிலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏட்டி, நீ ஏன் அங்கன போற? வீட்டுக்குத் தூரம்லா?"

மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அதே பார்வை. சிவகிரி பெரியத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கேட்டுச்சுலா? எந்திரிங்கட்டி, ஆளுக்கொரு வேலையப் பாப்போம்" என்று மருமகள்களை அடுக்களைக்குள் தள்ளினார். போகிறபோது என் காதருகே வந்து, "கஷாயம் போடவாட்டி?" என்று கேட்டார். அவர் வாயோரம் துடித்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமாக அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

நான் நசுங்கிய டம்ளரில் காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். விடைத்தாள் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தேன். டம்ளர் தரையில் எப்போதும்போலச் சாய்ந்து நின்றது. படுத்ததும் கண் இழுத்துக்கொண்டு போனது. மூன்று நாளைக்கு அவளை ஒருத்தரும் கூப்பிடக்கூடாது என்று அத்தை கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.